போர் வாட்டர் நாட்கள்

பிப்ரவரி 9, இரவு

கிருஷ்ணா-கோதாவரி படுகை. கப்பலுக்குக் கீழே ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் தண்ணீர். மாலை ஐந்து மணிக்கு முதல் கோர் மேலே வந்தது, குழாய்க்குள் ஐந்தரை மீட்டர் கடலடிச் சேறு. குழாயில் ஓட்டை போட்டு, ஊசிபோல் மெல்லிய ரைசான் குச்சியைச் சொருகி, சிரிஞ்சை இழுத்து மரத்துண்டால் முட்டுக்கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். சேற்றுத் துகள்களுக்கு நடுவே இருக்கும் நீர் சொட்டுச் சொட்டாக இறங்கும்.

கப்பலில் இதைப் போர் வாட்டர் (pore water, நுண்துளை நீர்) என்றுதான் சொல்கிறோம். புறப்படும் முன் அம்மா கேட்டாள்: "போர் தண்ணி எடுக்க நடுக்கடலுக்கா போகணும்?"

பிப்ரவரி 10

நான்கு மீட்டரைத் தாண்டியதும் அழுகிய முட்டை நாற்றம். அந்த நீரைத் துத்தநாக அசிட்டேட்டில் விட்டதும் வெள்ளையாகத் திரிந்தது. சல்ஃபைடு நிறைய இருக்கிறது. கீழிருந்து மீத்தேன் ஏறுகிறது, மேலே கடல்நீரிலிருந்து சல்ஃபேட் இறங்குகிறது, இரண்டும் சந்திக்கும் இடத்தில் நுண்ணுயிர்கள் இரண்டையும் தின்று பைகார்பனேட்டையும் சல்ஃபைடையும் கக்குகின்றன. இந்தப் படுகையில் மீத்தேனுக்கா பஞ்சம்? 2006-இல் ஜாய்டிஸ் ரெசல்யூஷன் கப்பல் இங்கேதான் களிமண் விரிசல்களில் நூறு மீட்டருக்கும் மேல் தடிமனாக மீத்தேன் ஹைட்ரேட்டை, அதாவது நீரோடு சேர்ந்து பனிக்கட்டிபோல் உறைந்த மீத்தேனைக் கண்டது.

பிப்ரவரி 11

என் தப்புதான். காரத்தன்மையை உடனே அளக்காமல், ஆழத்து மாதிரிகளைத் தூக்கக் கலக்கத்தில் காலைக்கு விட்டுவைத்தேன். எழுந்து பார்த்தால் குப்பிகளின் அடியில் வெண்தூள். அழுத்தம் போனதும் கார்பன் டை ஆக்சைடு வெளியேறி, சுண்ணாம்பு படிந்துவிட்டது. கால்சியம், காரத்தன்மை இரண்டு எண்களும் குப்பைக்குத்தான். கொஞ்சம் ரசிக்கவும் செய்தேன் என்பதை இங்கே மட்டும் ஒப்புக்கொள்கிறேன்.

பிப்ரவரி 12

இரண்டாகப் பிளந்த கோரில் 170 சென்டிமீட்டரில் கம்பி ஏதோ ஒன்றில் இடித்து நின்றது. கழுவினால் எலுமிச்சம்பழத்தைவிடச் சிறிய கட்டி ஒன்று, மங்கிய சாம்பல் நிறத்தில். ஊரில் கரிசல் உழும்போது கிளம்பும் சுக்கான்கல் அச்சு அசல் இப்படித்தான் இருக்கும். கார்பனேட் முடிச்சு!

மார்ச் 6, ஆய்வகம்

சல்ஃபேட் முடிவுகள் வந்தன. மேலே 28 மில்லிமோல், கீழே போகப்போகக் கோடு போட்டதுபோல் நேராகக் குறைந்து, 460 சென்டிமீட்டரில் பூஜ்யம். முடிச்சு இருந்த ஆழத்தில் இன்னும் 18.

பைகார்பனேட் குவிந்து சுண்ணாம்பு படிய வேண்டியது சல்ஃபேட் தீரும் எல்லையில்தானே. அப்புறம் ஏன் அங்கே முடிச்சு?

மார்ச் 9

இரவெல்லாம் ஒரு கணக்கு. முடிச்சின் எடை 62 கிராம். அமிலத்தில் கரைத்த துண்டின்படி முக்கால் பங்கு கார்பனேட், அதாவது 46 கிராம். மீதி களிமண். கடல்நீர் ஒரு லிட்டரில் உள்ள கால்சியம் முழுவதையும் படியவைத்தாலும் ஒரு கிராம் சுண்ணாம்புதான் கிடைக்கும். இந்தக் கட்டிக்கு 46 லிட்டர் வேண்டும். இதே அளவு சேற்றில் இருக்கும் நீரோ வெறும் 18 மில்லி! கிட்டத்தட்ட 2,500 மடங்கு இடிக்கிறது.

ஆகவே கால்சியம் வெளியிலிருந்து வந்திருக்கிறது. களிமண்ணில் நீர் லேசில் ஓடாது. கலக்காத காபியில் அடிச்சர்க்கரை மெல்ல மெல்லப் பரவுமே, அப்படித்தான் பரவி வந்திருக்க வேண்டும். அவ்வளவு காலமும் மீத்தேனும் சல்ஃபேட்டும் சந்திக்கும் அந்த எல்லை ஒரே ஆழத்தில் நின்றிருக்க வேண்டும். ஓடிக்கொண்டே இருந்திருந்தால் சேறு முழுக்க லேசான தூள்தான் பரவியிருக்கும், என் குப்பியில் கிடந்ததுபோல.

கார்பனேட் நிரப்பியது துகள்களுக்கு நடுவே நீர் இருந்த இடத்தை. முக்கால் பங்கு கார்பனேட் என்றால், வளரும்போது சேற்றில் முக்கால் பங்கு நீர் இருந்தது என்றும் பொருள். இன்னும் இறுகாத மேல்சேற்றில் பிறந்த கல் இது.

ஏப்ரல் 2

ஐசோடோப் முடிவு: கார்பன்-13 மைனஸ் 47, அதாவது ஒப்பீட்டுத் தரத்தைவிட ஆயிரத்துக்கு 47 குறைவு. கடல்நீரிலிருந்து படிந்த சிப்பி என்றால் பூஜ்யத்தை ஒட்டி இருக்கும், மக்கிய உயிர்ப்பொருள் மைனஸ் 20-ஐ ஒட்டி. இவ்வளவு கீழே இழுக்க மீத்தேனால்தான் முடியும்.

வழிகாட்டி எடுத்த எடுப்பில் ஒன்று கேட்டார்: "மேலே புதுச் சேறு படியப் படியக் கல் கீழேதானே போகும்? உன் கல் எப்படி எல்லைக்கு மேலே நிற்கிறது?" எல்லைதான் இறங்கியிருக்கிறது என்றேன். முன்பு மீத்தேன் வேகமாக ஏறியதால் அது மேலே இருந்தது, வரத்து குறைந்ததும் கீழே போய்விட்டது. நீர் இன்றைய நிலையைச் சொல்கிறது, கல் பழைய நிலையை. "எப்போது குறைந்தது?" என்றார். அதற்கு வாயைத் திறக்கவில்லை.

ஏப்ரல் 5

கல்லில் யுரேனியம் சிதைந்து எவ்வளவு தோரியம் சேர்ந்திருக்கிறது என்று அளக்கும் யுரேனியம்-தோரியம் முறையில் வயது பார்க்கலாம். கால் பங்கு களிமண் தன் பங்குக்குத் தோரியத்தைக் கொண்டுவந்து குழப்பும், சுத்தமான எண் வராது என்று எச்சரிக்கிறார்கள். சரி, இருக்கட்டும். முடிச்சின் நடுவிலிருந்து ஒன்று, ஓரத்திலிருந்து ஒன்று என்று இரண்டு பொட்டலம் சுரண்டி வைத்திருக்கிறேன்.