வார்ப்பிரும்புக்குள் ஊறிக் கிடக்கும் எண்ணெய்: பழைய பேண்ட்சாவில் பெயின்ட் நின்ற கதை

ஒருவழியாகப் பெயின்ட் நின்றுவிட்டது! இரண்டு சக்கரங்களில் ஓடும் வளையப் பிளேடால் மரம் அறுக்கும் பழைய பேண்ட்சா ஒன்றைப் புதுப்பித்துக்கொண்டிருக்கிறேன். அதன் கீழ் ஃபிரேமில் பேரிங் ஹவுசிங்குக்குக் கீழே ஒரு கையகல இடம். எந்தக் கோட் அடித்தாலும் அங்கே மட்டும் பெயின்ட் விலகி வட்டக் குழிகளாக விழுந்துகொண்டிருந்தது. இப்போது சாய்வாக டார்ச் அடித்துப் பார்த்தாலும் ஒரு குழி தெரியவில்லை. அந்த மகிழ்ச்சியில்தான் எழுதுகிறேன். மெஷின் இன்னும் முழுதாக மாட்டி முடியவில்லை, சக்கரங்கள் பெஞ்சு மேலேயே கிடக்கின்றன. ஆனாலும் இந்த ஒரு கட்டத்தைப் பற்றிச் சொல்லாமல் அடுத்ததற்குப் போக மனம் வரவில்லை.

மெஷின் டெல்டா என்ற அமெரிக்கக் கம்பெனியின் 14 இஞ்ச் பேண்ட்சா. 'டெல்டா மில்வாக்கி' பேட்ஜோடு வந்தது. டெல்டாவை ராக்வெல் கம்பெனி 1945-இல் வாங்கியது, அதன் பிறகு வந்த மெஷின்களில் ராக்வெல் பெயரும் சேர்ந்துகொண்டது. பேட்ஜ் முழுசாக இருந்ததே பெரிய விஷயம். அதைப் பிடித்திருக்கும் ஆணிகளை நெம்பி எடுக்கப் பார்ப்பவர்கள்தான் தகட்டை வளைத்துவிடுகிறார்கள். அவை முறுக்குப் புரி போட்ட டிரைவ் ஸ்குரூக்கள். தலையில் சின்ன கட்டிங் டிஸ்க்கால் ஒரு காடி போட்டு, ஸ்குரூ டிரைவரால் இடப்பக்கம் திருப்பினால் சுழன்றுகொண்டே வெளியே வரும். என்னுடையவை எல்லாம் அப்படியே வந்தன, பேட்ஜில் ஒரு நெளிவு கிடையாது.

பிரித்தது, துரு எடுத்தது பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சின்ன இரும்புச் சாமான்களுக்குச் சலவைச் சோடா தண்ணீரில் எலக்ட்ராலிசிஸ். சாமானுக்கு மைனஸ், பலிகொடுக்கும் இரும்புக்குப் பிளஸ். பிளஸ் பக்கம் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலை மட்டும் போட்டுவிடாதீர்கள், நச்சுத்தன்மையுள்ள குரோமியம் தண்ணீரில் இறங்கும். அலுமினியம், ஜமாக் (துத்தநாகக் கலவை) பாகங்களைத் தொட்டியில் இறக்கக் கூடாது, சோடா தின்றுவிடும். பெரிய வார்ப்புகளுக்குப் பெயின்ட் ரிமூவர்தான். பழைய பெயின்டில் ஈயம் இருக்கும் என்று வைத்துக்கொண்டுதான் வேலை செய்ய வேண்டும். அமெரிக்காவில் வீட்டு உபயோகப் பெயின்டுக்கே 1978-இல்தான் தடை வந்தது. அதனால் உலர்ந்த பெயின்டை உப்புத்தாளால் தேய்க்கவும் இல்லை, ஹீட் கன்னால் பொசுக்கவும் இல்லை. எல்லாம் ஈரத்திலேயே வழித்து எடுத்தது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

வெற்று இரும்பைத் தின்னர் போட்டுத் துடைத்தேன், துணியில் அழுக்கு வராத வரைக்கும். பார்த்தால் சுத்தமாக, ஒரே சாம்பல் நிறமாக இருந்தது. பிரைமர் அடித்த சில நிமிடங்களில் அந்தக் கையகல இடத்தில் மட்டும் பெயின்ட் சுருங்கி ஒதுங்கியது. நடுவில் இரும்பு தெரியும் வட்டம், சுற்றிலும் உயர்ந்த விளிம்பு. பெயின்ட்காரர்கள் ஃபிஷ்-ஐ என்பார்கள். தேய்த்து எடுத்து மறுபடி அடித்தால் மறுபடி அதே இடம். பெயின்டை மாற்றினாலும் அதே. மற்ற இடமெல்லாம் கண்ணாடி மாதிரி நிற்கிறது, இங்கே மட்டும் அடம்.

காரணம் மேற்பரப்பில் இல்லை. சாம்பல் வார்ப்பிரும்பு என்பது திடமான இரும்புக் கட்டி இல்லை. உள்ளே கிராஃபைட் இதழ் இதழாக ஓடுகிறது, மணல் அச்சில் வார்த்ததால் நுண்துளைகளும் உண்டு. பேரிங்கிலிருந்து பல பத்தாண்டுகளாகக் கசிந்த எண்ணெய் அந்த இடத்தில் மட்டும் உள்ளே ஊறி உட்கார்ந்திருக்கிறது. தின்னர் மேலே இருப்பதைத்தான் துடைக்கும். பெயின்டில் இருக்கும் தின்னரோ உள்ளே இறங்கி, இருக்கிற எண்ணெயை மேலே கூட்டிக்கொண்டு வந்துவிடுகிறது. வார்ப்பிரும்பை வெல்டிங் செய்கிறவர்கள் விரிசலைச் சுற்றி முதலில் சூடாக்கி எண்ணெயை வெளியேற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். பெயின்டுக்கும் அதே வைத்தியம்தான் வேண்டியிருந்தது.

பழைய பெயின்ட் ஒரு துளிகூட இல்லை என்று உறுதி செய்துகொண்டு, தின்னர் வாடை முழுதும் போன பிறகுதான் ஹீட் கன்னைக் கையில் எடுத்தேன். இந்த வரிசையில் விளையாட்டு கூடாது. ஈயம் இருக்கும் பெயின்டும் ஆபத்து, தின்னர் ஆவி மேல் சூடு படுவதும் ஆபத்து. ஒரே இடத்தில் திடீரென்று சூடாக்கினால் வார்ப்பு விரிசல் விடும், அதனால் சுற்றிலும் அகலமாக, மெதுவாகக் காட்டிக்கொண்டே வந்தேன். இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரில் 100 டிகிரி செல்சியஸைத் தொட விடவில்லை. எண்ணெய் இளகி வர அதற்குக் குறைவே போதும்.

80 டிகிரி வாக்கில் நடந்ததைப் பார்க்க வேண்டும். உலர்ந்த சாம்பல் நிறத்தில் இருந்த இரும்பில் முதலில் கடுகளவுக் கறுப்புப் புள்ளிகள் எழும்பின. பிறகு புள்ளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து, வேர்வை அரும்புவது போல மொத்த இடமும் பளபளத்தது. வெள்ளைப் பனியன் வேஸ்ட்டால் ஒற்றி எடுத்தால் பழுப்புக் கறை, அதில் பழைய கிரீஸின் நெடி. தேய்க்கக் கூடாது, ஒற்ற வேண்டும். தேய்த்தால் எண்ணெயை மறுபடி துளைக்குள்ளேயே தள்ளுகிறோம். ஆற விட்டு, தின்னரால் துடைத்து, அது முழுக்கப் பறந்ததும் மறுபடி சூடு. ஒவ்வொரு சுற்றிலும் கறை வெளிறிக்கொண்டே வந்து, கடைசியில் துணி வெள்ளையாகவே திரும்பியது.

ஆனாலும் துணியை மட்டும் நம்பிப் பெயின்ட் அடிக்கக் கூடாது. தண்ணீர்ச் சோதனை செய்து பாருங்கள். ஸ்ப்ரே பாட்டிலில் சுத்தமான தண்ணீரை எடுத்து லேசாகத் தெளித்தால், எண்ணெய் இல்லாத இரும்பில் தண்ணீர் ஒரே படலமாகப் பரவி நிற்கும். எங்கே முத்து முத்தாகத் திரள்கிறதோ அங்கே இன்னும் எண்ணெய் இருக்கிறது. பார்த்த உடனே துடைத்து, சூடான காற்றால் உலர்த்திவிட வேண்டும். வெற்று வார்ப்பிரும்பில் சில நிமிடங்களிலேயே செம்மை படியும். கடைசியாக ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் ஒரு துடைப்பு, அது உலர்ந்ததும் தாமதமில்லாமல் இரண்டு பாக எபாக்சி பிரைமர். முதல் கோட்டை மெலிசாக, தூறலாக அடித்துவிட்டுக் காத்திருந்தேன். ஒரு குழி விழவில்லை. அந்த இடத்தில் விரலை வைத்துத் தடவிக்கொண்டே கொஞ்ச நேரம் நின்றேன்.

சிலிக்கான் ஸ்ப்ரே பற்றி ஒரு வார்த்தை. டேபிள் மேல் மரம் வழுக்கிப் போவதற்காகச் சிலர் அதை அடிக்கிறார்கள். பெயின்ட் அடிக்கும் இடத்தில் அந்த டப்பாவையே வைக்காதீர்கள். எண்ணெயாவது சூட்டுக்கு வெளியே வருகிறது, சிலிக்கான் சுலபத்தில் விடாது. டேபிளுக்குப் பேஸ்ட் மெழுகே போதும், சிலிக்கான் கலக்காததாகப் பார்த்து வாங்குங்கள்.

பட்டி பார்க்கும் விஷயத்தில் என் கட்சி தெளிவானது. தொழிற்சாலையில் வார்ப்பின் சொரசொரப்பை மறைக்கத் தடிமனாகப் பட்டி பூசித்தான் பெயின்ட் அடித்தார்கள். ரிமூவர் போட்டால் அதுவும் சேர்ந்து கழன்றுவிடும். எங்கே அவர்கள் பூசியிருந்தார்களோ அங்கே மட்டும் பூசினேன். கார் பாடி போல மொத்தத்தையும் வழவழவென்று ஆக்குவது எனக்குப் பிடிக்காது, அது பழைய மெஷினின் முகத்தையே மாற்றிவிடுகிறது. இன்னொன்று, ஆசிட் கலந்த எட்ச் பிரைமர் மேல் பாலியெஸ்டர் பட்டி சரியாகப் பிடிக்காது. எபாக்சி மேல் பிடிக்கும், டப்பாவில் போட்டிருக்கும் நேரத்துக்குள் பூசினால். அதனாலும்தான் எபாக்சியைத் தேர்ந்தெடுத்தேன். மேலே சாதாரண ஆல்கைட் எனாமல், பழைய டெல்டா சாம்பல். ஹார்ட்னர் கலந்த கார் பெயின்ட் இன்னும் கெட்டியாக நிற்கும் என்பது உண்மைதான். ஆனால் அதில் ஐசோசயனேட் உண்டு, வெளியிலிருந்து காற்று வரும் முகமூடி இல்லாமல் அதை அடிக்கக் கூடாது. வீட்டுப் பட்டறைக்கு எனாமலே மேல். இறுகச் சில வாரம் ஆகும், அதுவரை எந்த நட்டையும் இறுக்கி முடுக்கப் போவதில்லை. வாஷருக்கு அடியில் பெயின்ட் பிதுங்கி உரியும்.

காத்திருக்கும் நேரத்தில் சாமான் வேட்டை நடக்கிறது. பேரிங்கை 'பழைய மெஷின் பாகம்' என்று விற்பவர்களிடம் வாங்க வேண்டியதே இல்லை. பக்கவாட்டில் இருக்கும் நம்பரைக் கொண்டுபோய் எந்தப் பேரிங் கடையிலும் கேட்கலாம். 6203 என்றால் உலகம் முழுக்க உள்விட்டம் 17, வெளிவிட்டம் 40, அகலம் 12 மில்லிமீட்டர்தான். எண் அழிந்திருந்தால் வெர்னியரில் மூன்று அளவும் எடுத்துக்கொண்டு போங்கள். சக்கரத்துக்கு யூரித்தேன் டயரா ரப்பரா என்று இன்னும் முடிவு செய்யவில்லை. யூரித்தேனை வெந்நீரில் போட்டு இளக்கி இழுத்து மாட்டிவிடலாம், பசை வேண்டாம். ரப்பரை ஒட்டி, பிறகு சக்கரத்தைச் சுற்றவிட்டு உப்புத்தாளால் நடுமேடு எடுக்க வேண்டும். வேலை கூடுதல்தான், ஆனால் மேட்டை நம் கையால் அமைக்கலாம். மனம் ரப்பர் பக்கம்தான் சாய்கிறது.

மேல் சக்கரத்தைத் தாங்கும் ஜமாக் ஹிஞ்ச் வளைந்திருக்கிறது. இந்த மாடலில் பலருக்கும் தெரிந்த பலவீனம். வேலை முடிந்தும் பிளேடை முறுக்கிலேயே விட்டுவிடுகிற மெஷின்களில் இது முதலில் போகும். இரும்பில் செய்த மாற்றுப் பாகம் கிடைக்கிறது, அதையே போடப் போகிறேன். பழசையே வைக்க வேண்டும் என்ற பிடிவாதம் இந்த ஒரு பாகத்தில் எனக்கு இல்லை. ஃபிரேமை உயர்த்தும் ரைசர் பிளாக் போட்டு அறுக்கும் உயரத்தை 6 இஞ்சிலிருந்து 12 ஆக்கும் ஆசையும் இருக்கிறது. அப்படிச் செய்தால் பிளேடு நீளம் 93½ இஞ்சிலிருந்து 105 ஆகும், பழைய பிளேடுகள் எல்லாம் வீண்.

இதற்கிடையில் வாட்கின் ஏஜிஎஸ் 10 ஒன்றின் மேல் கண் விழுந்துவிட்டது. இங்கிலாந்தில் செய்த டேபிள் சா (மேசையிலிருந்து வட்டப் பிளேடு எழும்பி நிற்கும் மெஷின்), பார்த்தாலே கை வைக்கத் தோன்றும் கனம். மோட்டார் மூன்று ஃபேஸ், 415 வோல்ட், ஸ்டார் இணைப்பு. 230 வோல்ட் ஒற்றை ஃபேஸிலிருந்து விஎஃப்டி (ஒற்றை ஃபேஸை மூன்று ஃபேஸாக்கித் தரும் பெட்டி) வைத்து ஓட்ட வேண்டுமானால் அதை டெல்டா இணைப்பாக (கம்பெனிப் பெயர் அல்ல, முக்கோண இணைப்பு) மாற்ற வேண்டும். மோட்டாரின் இணைப்புப் பெட்டிக்குள் ஆறு முனைகள் வந்தால் பத்து நிமிட வேலை. மூன்றுதான் வந்திருந்தால் காயிலுக்குள் புதைந்திருக்கும் ஸ்டார் முடிச்சைத் தேடிப் பிரித்து வெளியே கொண்டுவர வேண்டும். முதலில் அந்த மூடியைக் கழற்றிப் பார்த்துவிட்டுத்தான் பேச்சுவார்த்தை. அப்புறம் வார்ப்பில் விரிசல் இருக்கிறதா என்று சுத்தியலின் பிடியால் தட்டிக் கேட்க வேண்டும். பெயின்டும் துருவும் எப்படியிருந்தாலும் எனக்குக் கவலையில்லை, விரிசலும் காணாமல் போன பாகமும்தான் கவலை.

பேண்ட்சாவில் பாக்கி: ஹிஞ்ச், டயர், பிளேடு கைடுகள், பிறகு ஃபிரேமில் எழும்பி நிற்கும் எழுத்துகளுக்குச் சின்ன ரப்பர் ரோலரால் வெள்ளை ஏற்றுவது. எனாமல் இறுகிய பிறகுதான் எழுத்து வேலை.