யிஜின் ஜிங் முன்னுரைக்கு ஆண்டு போட்டுப் பார்த்தது

கேள்வி சின்னதுதான்: சீனாவின் ஷாவோலின் மடத்துக் குங்ஃபூவை, 5-6-ம் நூற்றாண்டுத் துறவி போதிதருமர் கற்றுக்கொடுத்தார் என்பதற்கு எழுத்தில் என்ன இருக்கிறது? ‘காஞ்சி இளவரசர்’ என்று நம் பக்கம் பேசுகிறவர்களும் கடைசியில் கைகாட்டுவது ‘யிஜின் ஜிங்’ என்ற தசைநார்ப் பயிற்சி நூலைத்தான். அதையே முதலில் எடுத்தாயிற்று.

நோட்டில் நாலு கட்டம் போதும்: நூல் தனக்குச் சொல்லிக்கொள்ளும் ஆண்டு, கிடைக்கும் மிகப் பழைய பிரதி, வேறொருவர் முதலில் குறிப்பிட்ட ஆண்டு, உள்ளே வரும் ஆட்பெயர்கள். பலர் முதல் கட்டத்தோடு நிறுத்திவிடுகிறார்கள்.

ஆண்டை மாற்றும்போதே ஒரு சறுக்கல். முதல் முன்னுரையில் ‘ஜென்குவான் 2’ என்று இருக்கிறது. அந்த ஆட்சிக்காலத்தின் முதல் ஆண்டு 627, ஆக இது 628. 627-உடன் 2-ஐக் கூட்டினால் ஓராண்டு தள்ளிப்போகும். இரண்டாவது முன்னுரை ‘ஷாவோஷிங் 12’. அதன் முதல் ஆண்டு 1131; அதோடு 11, ஆக 1142. சீன நாட்காட்டியின் 12-ம் மாதம் நம் ஜனவரியில் விழுவது சகஜம், மாதத்தையும் குறித்து வைக்கவும்.

நாலாவது கட்டத்தில்தான் சாயம் வெளுக்கிறது. 628-ல் தளபதி லி ஜிங் எழுதியதாகச் சொல்லும் முன்னுரை, நூலை மொழிபெயர்த்தவர் பிரமிதி என்கிறது. அவர் பெயர் மற்ற இடங்களில் வருவது 705-ல் சூரங்கம சூத்திரம் என்ற பௌத்த நூலை மொழிபெயர்த்தவராக. நூலை லி ஜிங்கிடம் சேர்த்தவராக வரும் ‘சுருள்தாடி வீரர்’ இன்னும் மோசம்: தாங் அரசமரபு காலத்துக் கற்பனைக் கதையின் பாத்திரம். இரண்டாவது முன்னுரையைத் தளபதி நியூ காவ் எழுதினாராம். தனக்கு ஓர் எழுத்துகூடத் தெரியாது என்று அதிலேயே சொல்லிக்கொள்கிறார்! பின்னுரையில் இருக்கும் 1624-தான் நம்பும்படியான ஆண்டு.

இனி வெளிச் சான்று. ஷாவோலினில் உள்ள 728-ம் ஆண்டுக் கல்வெட்டு, 621-ல் துறவிகள், பின்னாளில் தாங் பேரரசரான லி ஷிமினுக்காகச் சண்டையிட்டதைச் சொல்கிறது; 13 பேருக்குக் கிடைத்த மரியாதையும் அதில் உண்டு. எந்த ஆயுதம், எந்த அடிமுறை என்பது மட்டும் இல்லை. 1610-களில் ஷாவோலின் கம்பு வித்தையை எழுதிய செங் சோங்யூ அதைப் போதிதருமரோடு சேர்க்கவில்லை, பௌத்தக் காவல் தெய்வமான கின்னர மன்னனோடு சேர்க்கிறார். கல்வெட்டின் மௌனத்தைவிட இது கனமான சான்று. கல்வெட்டு பேச வந்தது நிலமும் மரியாதையும். வித்தை யாரிடமிருந்து வந்தது என்று சொல்ல வேண்டிய இடத்தில் நின்றவர் செங்.

தேடுசொல்லிலும் கவனம் வேண்டும். பழைய நூல்களில் ‘குங்ஃபூ’ என்று தேடினால் கையில் ஒன்றும் சிக்காது. வெறுங்கைச் சண்டைக்கு அங்கே ‘ஷோபோ’ போன்ற சொற்கள்தான். ஹான் அரசமரபின் பழைய வரலாற்று நூலில் உள்ள நூல் பட்டியலில் ‘ஷோபோ, 6 அத்தியாயம்’ என்ற பதிவு உண்டு, நூல்தான் தொலைந்துவிட்டது.

அடுத்து பாக்கி இரண்டாவது, மூன்றாவது கட்டங்கள்: பழைய பிரதி, வேறொருவர் முதலில் குறிப்பிட்ட ஆண்டு. 1928 தீயில் ஷாவோலின் நூலகம் எரிந்துபோனதால், தேட வேண்டியது மடத்துக்கு வெளியே இருக்கும் தொகுப்புகளில்.