ஆன்ட்டியின் கூரையில் என் மீன் தொட்டி

மதுரையில் எங்கள் வீட்டுத் தரை மொசைக். வெள்ளிக்கிழமை தோறும் அம்மா இரண்டு வாளி தண்ணீரை ஊற்றிக் கழுவி, வாசல் ஓட்டை வழியாகத் தள்ளிவிடுவார். தரையில் தண்ணீர் என்றால் எனக்கு அது சுத்தம், அவ்வளவுதான். 2022 கடைசியில் தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வந்து, சாட்ஸ்வொர்த்தில் ஒரு வீட்டின் மாடியில் குடியேறியபோது, கால் படும் இடமெல்லாம் மரக்கட்டைகளைப் பொருத்திய பார்க்கே தரை. தண்ணீர் போக ஓட்டை எங்கேயும் கிடையாது. அதன் பொருள் அன்று எனக்குப் புரியவில்லை.

கீழ்த்தளத்தில் எழுபது வயதைத் தாண்டிய ஒரு ஆன்ட்டி. அவருடைய குடும்பம் 1960-களில், இந்தியர்களுக்கென்று நிறவெறி அரசு ஒதுக்கிய இந்தப் பகுதிக்கு அனுப்பப்பட்ட குடும்பங்களில் ஒன்று. வீட்டில் பேச்சு ஆங்கிலம்தான், ஆனால் 'தண்ணி', 'சோறு', 'வா மா' எல்லாம் அவர் வாயில் அப்படியே இருக்கின்றன. 2022 ஏப்ரல் வெள்ளத்தில் உறவினர் வீட்டுச் சுவர் சரிந்ததைக் கண்ணால் பார்த்தவர். அதிலிருந்து தண்ணீர்ச் சத்தம் கேட்டாலே எழுந்து உட்கார்ந்துவிடுவார்.

ஊரை விட்டு வந்த தனிமைக்கு நான் தேடிக்கொண்ட துணை மீன்கள். நாலடி நீளத் தொட்டி, அதற்குக் கீழே அலமாரிக்குள் சம்ப் என்னும் வடிகட்டும் தொட்டி. மேல் தொட்டியில் வழியும் நீர் குழாய் வழியாகச் சம்பில் இறங்கி வடிகட்டப்படும், மோட்டார் அதைத் திரும்ப மேலே ஏற்றும். பழைய தொட்டியாகத்தான் வாங்கினேன். நன்றாகவே ஓடியது.

2023-இல் இங்கே லோட் ஷெடிங், அதாவது முறைவைத்த மின்வெட்டு, இல்லாத நாள் அரிது. எங்கள் பகுதியில் ஒரு வெட்டு இரண்டு மணி நேரம் நீடித்தது, மோசமான நாட்களில் அது மூன்று முறை வந்தது. மின்சாரம் நின்றால் மோட்டார் நிற்கும், அது எனக்குத் தெரியும். ஆனால் மேலே ஏற்றும் குழாயின் வாய் தொட்டி நீருக்குள் மூழ்கியிருந்தால், அதே குழாய் சைஃபனாக மாறி நீரைக் கீழே இழுக்கத் தொடங்கும் என்பதை நான் யோசிக்கவே இல்லை. குழாயில் நீரை மேலே மட்டும் விடும் ஒருவழி வால்வு இருந்தது. அதனால் பல மாதங்கள் ஒன்றும் ஆகவில்லை.

ஜூன் மாத இரவு ஒன்றில் ஆன்ட்டி கதவைத் தட்டினார். "கூரையில தண்ணி வருது, மா." டர்பனில் ஜூன் மழை குறைந்த குளிர்காலம். கைவிளக்கை எடுத்துக்கொண்டு திரும்பிப் பார்த்தேன். அலமாரிக்கடியிலிருந்து நீர் பரவி, மரக்கட்டைகளுக்கு இடையில் சத்தமில்லாமல் இறங்கிக்கொண்டிருந்தது. ஒரு குட்டி நத்தையின் ஓடு வால்வில் மாட்டி, அதை முழுசாக மூடவிடவில்லை.

பிறகு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். 120-க்கு 45 சென்டிமீட்டர் தொட்டியில், ஒரு சென்டிமீட்டர் உயர நீர் என்பது 5.4 லிட்டர். என் குழாயின் வாய் நீர்மட்டத்துக்குப் பத்து சென்டிமீட்டர் கீழே இருந்தது. ஆக, 54 லிட்டர் கீழே வரும். சம்பில் மிச்சமிருந்த இடம் 20 லிட்டர். மீதி முழுவதும் ஆன்ட்டியின் சீலிங் போர்டுக்கு. இந்தக் கணக்கை முதல் நாளே போட்டிருக்க வேண்டும். வால்வை நம்பித் தொட்டி அமைக்காதீர்கள், பாசியும் நத்தையும் அதை எப்போது வேண்டுமானாலும் திறந்து வைத்துவிடும்.

சரி, என்ன மாற்றினேன்? எல்போ என்னும் வளைவு இணைப்பைப் போட்டுக் குழாயின் வாயை நீர்மட்டத்துக்கு இரண்டு சென்டிமீட்டர் கீழே கொண்டுவந்தேன். நீர்மட்டத்தை ஒட்டி, குழாயில் ஆறு மில்லிமீட்டர் துளை ஒன்று போட்டேன். நீர் அதுவரை இறங்கியதும் காற்று புகுந்து சைஃபன் அறுந்துவிடும். அந்தத் துளையில் பாசி அடைக்கும், வாரம் ஒருமுறை பல் தேய்க்கும் பிரஷ்ஷால் சுத்தம் செய்கிறேன். சம்பில் நீரின் உச்ச அளவுக்கு ஒரு கோடும் வரைந்தேன். அப்புறம் மோட்டாரை நானே நிறுத்தி, நீர் இறங்கி நிற்கும் வரை பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்தேன். புதுத் தொட்டி வைக்கும் யாரும் இந்தச் சோதனையைச் செய்யாமல் அன்றிரவு தூங்கக்கூடாது.

மின்சாரம் திரும்பும்போது இன்னொரு ஆபத்து உண்டு. வழியும் குழாய் அடைத்துக்கொண்டால், மோட்டார் சம்ப் நீரை மேலே தள்ளிக்கொண்டே இருக்கும். அதனால் சம்பில் மோட்டார் இருக்கும் தடுப்பறையில் 18 லிட்டருக்கு மேல் நீர் விடுவதில்லை. மேல் தொட்டியின் விளிம்புக்குள் 21 லிட்டருக்கு இடமிருக்கிறது. முழுதும் ஏறினாலும் தரைக்கு வராது. ஒயர்களையும் பிளக்கை விடத் தாழ்வாக வளைத்துத் தொங்கவிட்டேன், சொட்டும் நீர் வளைவிலேயே விழுந்துவிடும். ஹோஸை நேராகத் தொட்டிக்குள் விட்டு நிரப்புவதையும் விட்டாயிற்று. இங்கே குழாய்த் தண்ணீர் சொல்லாமல் நிற்கும், சொல்லாமல் வரும். மூடாத குழாயும் தொட்டிக்குள் கிடக்கும் ஹோஸும் போதும், இன்னொரு வெள்ளத்துக்கு.

அன்று ஆன்ட்டி ஒரு சுடுசொல் சொல்லவில்லை. வாளியை வைத்துவிட்டு, "உன் மீன் நல்லா இருக்கா, மா?" என்று கேட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது. உப்பியிருந்த சீலிங் பலகையை என் செலவில் மாற்றிக் கொடுத்தேன். எழும்பிய மரக்கட்டைகளைப் பெயர்த்து, பின்பக்கம் எண் எழுதி, ஃபேன் காற்றில் வாரக்கணக்கில் காயவைத்துத் திரும்ப ஒட்டினோம். இரண்டு கட்டைகள் மட்டும் பழைய இடத்தில் பொருந்தவில்லை.

இப்போது மாடிச் சாவி ஒன்று ஆன்ட்டியிடம் இருக்கிறது. மோட்டார் ஸ்விட்சின் மேல் சிவப்பு டேப் ஒட்டியிருக்கிறேன். நான் இல்லாத நேரத்தில் ஏதாவது என்றால் எதை அணைக்க வேண்டும் என்று அவருக்குத் தெரியும், ஒருமுறை அணைத்தும் காட்டிவிட்டார்.