நோட்டரி பத்திரம் போதும் என்று நினைத்திருந்தேன்

மகன் இறந்துபோனபோது பேத்திக்கு ஆறு வயது. மூன்று வருஷம் மருமகளும் நானும் பெங்களூர் ஸ்ரீராமபுரத்தில் ஒரே வீட்டில்தான் இருந்தோம். பிறகு அவளுக்கு ஓசூரில் மறு கல்யாணம். நானே முன்நின்று நடத்தினேன். பள்ளிக்கூடமும் சிநேகிதிகளும் இங்கே என்பதால் பிள்ளை என்னோடு இருக்கட்டும் என்று எல்லாரும் பேசி முடித்தோம்.

பேத்திக்கு இனி நான்தான் கார்டியன், அதாவது சட்டப்படி பொறுப்பாளர் என்று பத்திரத்தில் எழுதி நோட்டரியிடம் முத்திரை வாங்கினோம். பள்ளியில் காட்டினால், கோர்ட் ஆர்டர் கொண்டுவாங்க என்று திருப்பிவிட்டார்கள். தாய் மனசார எழுதிக் கொடுத்தாலும் கார்டியன் பொறுப்பு அப்படிக் கைமாறாது என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

சித்தையா ரோட்டில் நியாய தேகுலா கட்டடத்தில்தான் குடும்ப நீதிமன்றம். இலவச சட்ட உதவி அலுவலகமும் அங்கேயே. 1987-ஆம் வருஷச் சட்டப்படி பெண்களுக்கு வருமானம் பார்க்காமலே வக்கீல் தருகிறார்கள். பென்ஷனில் ஓட்டும் எனக்கு அது பெரிய உதவி.

வக்கீலம்மா முதல் நாளே சொல்லிவிட்டார்: "பெத்த தாய் நல்லா இருக்கும்போது 1890 கார்டியன் சட்டத்துல இன்னொருத்தரை சுலபமா கார்டியனா போட மாட்டாங்கம்மா. சம்மதம் மட்டும் பத்தாது. பிள்ளைக்கு இங்கதான் நல்லதுன்னு காட்டணும்." மகனின் இறப்புச் சான்றிதழ், பேத்தியின் பிறப்புச் சான்றிதழ், ஸ்டடி சர்டிபிகேட், தடுப்பூசி அட்டை, என் பென்ஷன் பாஸ்புக் எல்லாம் சேர்த்தேன். தாய் ஓசூரில் இருந்தாலும் பிள்ளை வசிக்கும் ஊர்தான் கணக்காம். அதனால் மனு இங்கேயே.

சம்மதம் என்று எழுதிய அபிடவிட்டில் கையெழுத்துப் போடும்போது மருமகள் பேனாவை அப்படியே நிறுத்திவிட்டாள். "அத்தை, இதுல போட்டா நான் அவளுக்கு அம்மா இல்லன்னு ஆயிடுமா?" விரல் நடுங்குகிறது. வக்கீலம்மா எழுந்து அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். இது தத்து கொடுப்பது இல்லை, பிறப்புச் சான்றிதழில் உன் பெயர் அப்படியே இருக்கும், உன் வாரிசு உன் வாரிசுதான், நிலைமை மாறினால் நீ திரும்பக் கோர்ட்டுக்கு வரலாம் என்று நிதானமாகச் சொன்னார். அதன் பிறகே போட்டாள். இந்த வழியில் போகிறவர்கள் தயவுசெய்து இதைப் பெற்றவளிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். நான் சொல்லவில்லை. எத்தனை ராத்திரி மனசுக்குள்ளேயே வைத்துப் புழுங்கினாளோ.

அப்புறம் வாய்தாமேல் வாய்தா, பதினோரு மாதம். கடைசியில் ஜட்ஜம்மா பேத்தியை மட்டும் உள்ளே கூப்பிட்டார். என்ன சொன்னாய் என்று வெளியே வந்ததும் கேட்டேன். "அஜ்ஜி ஜொதெ இர்தீனி, ஆதரெ அம்மா பர்தா இர்பேக்குன்னு சொன்னேன் ஆயா." பாட்டியோடு இருக்கிறேன், ஆனால் அம்மா வந்துகொண்டே இருக்கணும் என்று.

ஆர்டரிலும் அப்படியே வந்தது. இரண்டாவது, நான்காவது சனி ஞாயிறும் கோடை லீவில் பாதியும் அம்மாவோடு. கோர்ட் நியமித்த கார்டியன் பிள்ளையை கோர்ட்டின் எல்லைக்கு வெளியே இஷ்டப்படி கொண்டுபோக முடியாது. அதனால் ஓசூர் போய்வரும் அனுமதியையும் வக்கீலம்மா கேட்டு எழுத வைத்தார். சர்டிபைட் காப்பி இரண்டு வாங்கினேன். ஒன்றைப் பள்ளியில் காட்டி கார்டியன் பெயரை மாற்றியாயிற்று. இன்னொன்றை மருமகள் கேட்டு வாங்கி, தன் பீரோவில் வைத்திருக்கிறாள்.