மாரிக் குளிருக்குப் புளியாணமும் பால்கஞ்சியும்

மட்டக்களப்பில் குளிர் என்று சொன்னால் நுவரெலியாக்காரர் சிரிப்பார்கள். மார்கழி விடியப்புறத்திலும் இங்கே 22, 23 பாகைக்குக் கீழே இறங்குவது குறைவு. ஆனால் நாலு நாள் விடாத மழை, காயாத உடுப்பு, வாவிக்கு மேலால் அடிக்கிற வாடை மூன்றும் சேர்ந்தால் அந்த 22 பாகையே போதும், பிள்ளைகள் போர்வையை விட்டு எழும்ப மாட்டார்கள். 2022 டிசம்பரில் மாண்டஸ் புயல் நேரம் வடக்கிலும் கிழக்கிலும் பட்டியில் நின்ற மாடுகள் குளிரில் விறைத்துச் செத்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள்.

இந்த நாட்களில் வீட்டுக்கு வேண்டியது சூடாகக் குடிக்க ஒன்று, வயிறு நிரம்ப ஒன்று. சாமான் பெரிதாகத் தேவையில்லை. மாரியில் சமையல் கெடுவது அநேகமாக நெருப்பால்தான். ஈர விறகு முதலில் புகையும், பிறகு திடீரென்று பற்றும். அந்த ஒரு நிமிடத்தில் தேங்காய்ப்பால் திரிந்துவிடும், இல்லையென்றால் கஞ்சி அடிப்பிடித்துவிடும். அதனால் எந்தச் சாமானை எந்த நெருப்பில் போடுவது என்பதையே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

சிரட்டையும் தென்னம்பாளையும் ஈரத்திலும் பற்றும், ஆனால் கொழுந்துவிட்டு எரியும். புளி கொதிக்க வைக்க, உலை வைக்க அவை நல்லம். பால் விடுகிற நேரத்துக்கு அவை ஆகாது. பால் விடுவதற்கு முன் எரிகிற கட்டையை வெளியே இழுத்துவிட்டு வெறும் தணலில் சட்டியை வைக்க வேண்டும். காஸ் அடுப்பென்றால் ஆகக் குறைந்த தீ. அடுத்த நாளுக்கான விறகை இரவே அடுப்புக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்தால் காலையில் ஊதி ஊதிக் கண் எரியத் தேவையில்லை.

முதலில் தேங்காய்ப்பால்

மாரியில் தேங்காய் எண்ணெய்ப் போத்தல் காலையில் வெள்ளையாக உறைந்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். தேங்காய் எண்ணெய் ஏறத்தாழ 24 பாகைக்குக் கீழே இறுகத் தொடங்கும். துருவிய தேங்காய்ப் பூவுக்குள் இருக்கிற எண்ணெயும் அப்படித்தான். பச்சைத்தண்ணீர் விட்டுப் பிழிந்தால் கொழுப்பு பூவிலேயே ஒட்டிக்கொண்டு நிற்கும், பால் நீர்மோர் மாதிரி வரும். "தேங்காய் சரியில்லை" என்று கடைக்காரரைத் திட்டுவதில் பிரயோசனம் இல்லை. கை பொறுக்கிற சூட்டில் தண்ணீர் எடுங்கள். நடுத்தரமான ஒரு தேங்காய்ப் பூவுக்கு முதலில் 200 மில்லிலீற்றர் விட்டு, இரண்டு நிமிடம் பிசைந்து பிழிந்தால் முதல் பால். அதே பூவில் 500 மில்லிலீற்றர் விட்டுப் பிழிந்தால் இரண்டாம் பால். கொதிதண்ணீர் வேண்டாம், கையும் வேகும், பாலில் அவிந்த மணமும் வரும்.

புளியாணம்

புளியும் தேங்காய்ப்பாலும் விட்டுத் தண்ணியாக வைக்கிற கறிதான் புளியாணம். காத்தான்குடியில் ஒரு விதம், அக்கரைப்பற்றில் ஒரு விதம், படுவான்கரைப் பக்கம் இன்னொரு விதம். கருவாடு போடுகிறவர்களும் உண்டு, மீனே இல்லாமல் வைக்கிறவர்களும் உண்டு. இங்கே சொல்வது விரால் போட்டு வைக்கிற, மிளகு தூக்கலான ஆணம். மாரியில் கடல் கொந்தளிப்பு, தோணி இறங்காது, கடல்மீன் வந்தாலும் விலை தொட முடியாது. குளத்து விராலும் பனையானும் அப்போது சந்தையில் தாராளம்.

நாலைந்து பேருக்கு: விரால் அரைக் கிலோ, பழப்புளி 25 கிராம், சின்ன வெங்காயம் 10, உள்ளி 8 பல்லு, பச்சைக் கொச்சிக்காய் 3, மிளகு ஒன்றரைத் தேக்கரண்டி, நற்சீரகம் ஒரு தேக்கரண்டி, மல்லி ஒரு மேசைக்கரண்டி, வெந்தயம் அரைத் தேக்கரண்டி, மஞ்சள் அரைத் தேக்கரண்டி, இரண்டு அங்குல ரம்பைத் துண்டு, கறிவேப்பிலை ஒரு நெட்டு, உப்பு. மேலே சொன்ன பால் முழுவதும். கொச்சிக்காய்த்தூள் போடுவதில்லை. இந்தக் காலத்து உறைப்பு மிளகில் வரவேண்டும். தூளை அள்ளிப் போட்டால் பிள்ளைகள் இரண்டு வாயோடு தண்ணீர் கேட்டு எழும்பிவிடுவார்கள்.

விராலுக்குச் சேற்று மணம் உண்டு, அதை மசாலாவால் மூட முடியாது. செதிள் எடுத்து வெட்டிய துண்டுகளைச் சாம்பலும் உப்பும் போட்டு உரசினால் வழுவழுப்புப் போகும். பிறகு புளியைக் கரைத்துப் பிழிந்த சக்கையால் தேய்த்து, பத்து நிமிடம் வைத்துக் கழுவுங்கள். புளிப்புத்தான் அந்த மணத்தை முறிக்கும். வயிற்றுக்குள் இருக்கிற கறுப்புத் தோலைச் சுரண்டி எடுக்காமல் விட்டால் இவ்வளவும் செய்தும் ஆணம் கசக்கும்.

மிளகு, நற்சீரகம், மல்லி மூன்றையும் வெறும் சட்டியில் மணம் வரும்வரை மட்டும் வறுங்கள். மல்லி கறுத்தால் கசப்பு. உள்ளியோடு சேர்த்து அம்மியில் ஒன்றிரண்டாகத் தட்டினால் போதும். கரண்ட் போகிற காலத்தில் மிக்சியை நம்பி நிற்கத் தேவையில்லை. மாவாக அரைத்தால் ஆணம் குழம்பு மாதிரித் தடிக்கும், புளியாணம் குடிக்கிற பதத்தில் இருக்க வேண்டியது.

புளியை 300 மில்லிலீற்றர் வெந்நீரில் கரைத்து வடித்துச் சட்டியில் விட்டு, மஞ்சள், உப்பு, வெந்தயம், பாதி வெங்காயம், கீறிய கொச்சிக்காய், ரம்பை போட்டு நன்றாக எரியவிடுங்கள். எட்டுப் பத்து நிமிடம் கொதிக்க வேண்டும். பச்சைப்புளி மணம் போய், வெங்காயம் கண்ணாடி போலானால் சரி. இந்த இடத்தில் அவசரப்பட்டால் பிறகு எத்தனை பால் விட்டாலும் தொண்டையில் புளிப்புக் கரகரக்கும். அடுத்து இரண்டாம் பாலும் தட்டிய சரக்கும். கொதி வந்ததும் மீன். மீன் போட்ட பிறகு அகப்பை போடாதீர்கள், சட்டியின் இரண்டு காதையும் பிடித்துச் சுழற்றிவிடுங்கள். ஏழெட்டு நிமிடத்தில் விரால் வெந்துவிடும், அதற்கு மேல் போனால் சதை நாராகும்.

இனி நெருப்பை இழுங்கள். கொதி முற்றாக அடங்கட்டும். முதல் பாலை ஓரத்தால் மெல்ல ஊற்றி, தணலில் வைத்து, விளிம்பில் சின்னக் குமிழ் எழும்பியதும் இறக்க வேண்டும். பாலில் இருக்கிற புரதம் புளிப்பும் கொதியும் சேர்ந்தால் திரளும். புளிப்பு மட்டும் இருந்து கொதி இல்லாவிட்டால் தாங்கும். திரிந்துவிட்டால் திருப்பி எடுக்க வழி இல்லை. ருசி கெடாது, பார்வைதான் கெடும். அடிக்கடி திரிகிற வீடென்றால் ஒரு தேக்கரண்டி அரிசிமாவை முதல் பாலில் கரைத்துவிட்டு ஊற்றுங்கள், ஓரளவு பிடித்து நிற்கும்.

கடைசியில் மீதி வெங்காயமும் கறிவேப்பிலையும் எண்ணெயில் சிவக்கத் தாளித்துக் கொட்டி, உடனே மூடிவிட வேண்டும். சோற்றுக்கு ஊற்றலாம், பிட்டைக் குழைத்துச் சாப்பிடலாம், தடிமன் பிடித்த ஆளுக்கு ஒரு கோப்பையில் அப்படியே குடிக்கக் கொடுக்கலாம்.

பால்கஞ்சி

சிவப்புப் பச்சையரிசி 150 கிராம், பயறு 50 கிராம், உள்ளி 10 பல்லு, வெந்தயம் ஒரு தேக்கரண்டி, தண்ணீர் ஒன்றரை லீற்றர், அரைத் தேங்காயின் பால். பெரும்போக நெல் தைக்குப் பிறகுதான் வீட்டுக்கு வரும். மாரியில் கையில் இருப்பது பழைய அரிசி, அது தண்ணீர் கூட இழுக்கும். அரை மணித்தியாலம் ஊறவைத்துக் கையால் நொறுக்கிப் போட்டால் விறகு மிச்சம்.

பயறை வறுத்துக் கழுவி அரிசியோடு வெறும் தண்ணீரில் அவியவிடுங்கள், உள்ளியும் வெந்தயமும் அதோடேயே. இரண்டாம் பாலைத் தொடக்கத்திலேயே விடுகிறவர்கள் பொங்கி வழிந்து அடுப்பை அணைத்துவிட்டு நிற்பார்கள். அரிசி மலர்ந்த பிறகு இரண்டாம் பால், பத்து நிமிடம் கழித்து தணலில் முதல் பால், கடைசியில் உப்பு. உப்பை முன்னுக்குப் போட்டால் கஞ்சி வற்ற வற்றக் கரிக்கும்.

அடிப்பிடித்துவிட்டதா? சுரண்ட வேண்டாம், கிண்டவும் வேண்டாம். மேலாக இருப்பதை வேறு சட்டிக்கு மெதுவாகச் சரித்து மாற்றுங்கள். தீய்ந்த மணம் அடியில் இருக்கிறது, அகப்பைதான் அதைக் கஞ்சி முழுவதும் பரப்புவது. ஆறினால் இறுகும் என்பதால் இறக்கும்போதே நெகிழ்வாக இருக்கட்டும். இறுகினதை இளக்கக் கொதிதண்ணீர் விடுங்கள், பச்சைத்தண்ணீர் விட்டால் கஞ்சி வேறு தண்ணீர் வேறாக நிற்கும். இரவுக்கும் வேண்டுமென்றால் பால் விடுவதற்கு முன்பே ஒரு பங்கை எடுத்து வைப்பது புத்தி. பால் சேர்ந்த கஞ்சி இந்தக் குளிரிலும் சீக்கிரம் புளித்துவிடும்.

வெள்ளம் வந்த கிணற்றில் குளோரின் போட்டிருந்தால் கஞ்சியில் அந்த மணம் உடனே காட்டிக்கொடுக்கும். தண்ணீரை மூடாமல் நன்றாகக் கொதிக்கவைத்து, மணம் போன பிறகு அரிசி போடலாம்.

குரக்கன் பிட்டு

இரண்டு பங்கு குரக்கன் மா, ஒரு பங்கு வறுத்த சிவப்பரிசி மா. புத்தகத்தில் இருக்கிற தண்ணீர் அளவை மாரியில் நம்பக்கூடாது, மா ஏற்கெனவே ஈரம் குடித்திருக்கும். 300 கிராம் மாவுக்கு 150 மில்லிலீற்றர் வெந்நீரை உப்புப் போட்டு எடுத்துவையுங்கள், ஆனால் முழுவதும் ஊற்ற வேண்டாம். கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்துப் பிசறி, ஒரு பிடி பிடித்துப் பாருங்கள். பிடித்தது கையில் நிற்க வேண்டும், பெருவிரலால் தட்டினால் உதிர வேண்டும். உதிராமல் பிளந்தால் தண்ணீர் கூடிவிட்டது, ஒரு கைப்பிடி வறுத்த மா சேருங்கள். பேணி விளிம்பால் கட்டிகளைக் கொத்திச் சின்னதாக்கி, அரைத் தேங்காய்ப் பூ கலந்து நீத்துப்பெட்டியில் அமுக்காமல் போடுங்கள். மேலால் ஆவி வரத் தொடங்கியதிலிருந்து பன்னிரண்டு நிமிடம். கட்டியைக் கொத்தாமல் விட்டால் வெளியே வெந்து உள்ளே பச்சை மாவாக இருக்கும், வயிறு ஊதும்.

தொட்டுக்கொள்ளக் கருவாடு என்றால் முதலில் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். மேலே இருப்பது உப்புப் பூத்ததா, பூஞ்சணமா? உப்பு கரகரக்கும், தண்ணீரில் கரையும். பஞ்சு மாதிரி, பச்சையாகவோ கறுப்பாகவோ இருந்தால் கழுவிச் சமைக்கலாம் என்று நினைக்காமல் எறிந்துவிடுங்கள். நல்ல கருவாட்டை வாரத்துக்கு ஒருமுறை வெறும் தாச்சியில் சூடுகாட்டி, ஆறவிட்டு, போத்தலில் அடைத்தால் மழைமுடியும்வரை இருக்கும்.

மரவள்ளியும் மல்லித்தண்ணியும்

மரவள்ளிக்கிழங்குக்கு அதிகம் சொல்ல இல்லை. தடித்த தோலை உள்தோலோடு உரித்து, நிறையத் தண்ணீரில் மூடாமல் அவித்து, அவித்த தண்ணீரை ஊற்றிவிட வேண்டும். கிழங்கில் இயல்பாகவே சயனைட்டு வருகிற பொருள் இருக்கிறது. கசக்கிற கிழங்கைச் சாப்பிட வேண்டாம். நீல வரி ஓடிய கிழங்கும் பழசு, விட்டுவிடுங்கள். மரவள்ளி சாப்பிட்ட நேரம் இஞ்சித் தேத்தண்ணி குடிக்கக்கூடாது என்பது இங்கே எல்லா வீட்டிலும் உள்ள கட்டுப்பாடு. அன்றைக்கு வெறும் தேத்தண்ணி போதும்.

மற்ற நாட்களுக்கு மல்லித்தண்ணி. மல்லி நாலு மேசைக்கரண்டி, ஒரு அங்குல வேர்க்கொம்பு (காய்ந்த இஞ்சி), மிளகு பத்து. மல்லியை லேசாக வறுத்து, மூன்றையும் உரலில் உடைத்து, ஒன்றேகால் லீற்றர் தண்ணீரில் மூடிக் குறைந்த நெருப்பில் பத்துப் பன்னிரண்டு நிமிடம். வடித்துவிட்டுத்தான் பிளாஸ்கில் ஊற்ற வேண்டும். சக்கையோடு ஊற்றினால் மதியத்துக்குள் கைத்துவிடும், பிள்ளைகள் மூக்கைப் பொத்துவார்கள். சீனியைக் கலக்காமல் பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு குடிக்கக் கொடுத்தால் ஒரு கோப்பை கேட்காமலே உள்ளே போகும். அதே சக்கையை இரண்டாம் முறை அவிக்க நினைக்காதீர்கள், அதில் கசப்பைத் தவிர ஒன்றும் மிச்சம் இல்லை.