அரிக்கும் செடிகள்: வேலியோர நாட்குறிப்பு

நவம்பர் 9

மழை விட்டதும் வேலி முழுக்கக் காஞ்சொறி ஏறிவிட்டது. செந்தட்டி என்றும் சொல்வார்கள். மெல்லிய கொடி, கம்பி, பக்கத்துச் செடி எதையும் விடாமல் சுற்றிக்கொள்ளும். இலைகள் மாற்றி மாற்றி வரும், ஓரம் ரம்பப் பல், காம்புப் பக்கம் இதய வடிவம். காய் மூன்று புடைப்பாக இருக்கும்.

குப்பைமேனிக்கும் இலையோரம் பல் பல்லாகத்தான் இருக்கும். ஆனால் அது நிமிர்ந்து நிற்கும், கொடியாகச் சுற்றாது. சந்தேகம் வந்தால் தொடாமல், செடிக்குப் பின்னாலிருந்து வெயில் விழும்படி நின்று பாருங்கள். தண்டிலும் காயிலும் வெள்ளை முடி மின்னினால் காஞ்சொறி.

கொட்டும் முடி ஒவ்வொன்றின் நுனியிலும் கால்சியம் ஆக்சலேட் ஊசி ஒன்று உண்டு. அது தோலைக் குத்தும்போது கூடவே எரிச்சல் தரும் நீரும் உள்ளே இறங்குகிறது. பட்ட நொடியிலேயே சுள்ளென்பது அதனால்தான். தேய்க்கவே கூடாது, முடி இன்னும் ஆழமாகப் போகும். ஒட்டும் டேப்பை அந்த இடத்தில் அழுத்தி உரித்தெடுத்த பிறகுதான் சோப்பும் தண்ணீரும்.

நவம்பர் 23

எருக்கும் கொம்புக்கள்ளியும் வெட்டும் வேலை. இரண்டிலும் பால்தான் பிரச்சினை. கண்ணாடி போடாமல் கத்தி எடுக்க வேண்டாம். கள்ளிப்பால் கண்ணில் பட்டால் எரிச்சல் தாங்காது, உடனே தெரிந்துவிடும். எருக்கம்பால் வேறு மாதிரி: பெரிதாக வலிக்காமலே பார்வை மங்கலாம். வலி இல்லையே என்று விட்டுவிடுவதுதான் அதில் ஆபத்து. எதுவாக இருந்தாலும் குறைந்தது 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கண்ணைத் திறந்து கழுவிவிட்டு, அன்றே கண் மருத்துவரிடம் போக வேண்டும்.

டிசம்பர் 7

பார்த்தீனியம். இளஞ்செடி தரையோடு தரையாக வட்டமாகப் படர்ந்திருக்கும், இலை கேரட் இலை போலக் கீறியிருக்கும். பிடுங்க இதுதான் தருணம். வெள்ளைப் பூ வந்துவிட்டால் விதை விழும், காய்ந்த துகளும் காற்றில் பறக்கும். செடியைத் தொடாதவர்களுக்குக்கூட கண்ணிமை, கழுத்து, முழங்கை மடிப்பு ஆகிய இடங்களில் தடித்து அரிப்பது அந்தத் துகளால்தான். கையுறை மட்டும் போதாது, முழுக்கைச் சட்டையும் வேண்டும்.

டிசம்பர் 28

சேங்கொட்டை மரம் காய்த்திருக்கிறது. அகலமான பெரிய இலை. ஆரஞ்சு நிறச் சதையின் மேல் கறுப்புக் கொட்டை உட்கார்ந்திருக்கும். முந்திரியைப் பார்த்தவர்களுக்கு அந்த அமைப்பு உடனே பிடிபடும். இரண்டும், மாமரமும் ஒரே குடும்பம். கொட்டையின் சாறு துணியில் பட்டால் அழியாத கறை.

பலர் ஏமாறுவது இங்கேதான். காஞ்சொறி உடனே காட்டிக்கொடுத்துவிடும். சேங்கொட்டைச் சாற்றுக்கு ஒவ்வாமை உள்ளவர்களுக்கோ ஒரு நாள், இரண்டு நாள் கழித்துத்தான் கொப்புளம் வரும். அதற்குள் எதைத் தொட்டோம் என்பதே மறந்திருக்கும். கொப்புள நீரால் பரவுகிறது என்று பயப்பட வேண்டாம், அப்படிப் பரவாது. புதுப்புது இடத்தில் வருகிறதென்றால் நகக்கண்ணிலோ அரிவாள் பிடியிலோ சாறு மிச்சம் இருக்கிறது என்று பொருள். பட்ட சில நிமிடங்களுக்குள் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும், கருவிகளையும் சேர்த்து. வெட்டிய கிளையை எரிக்கவே கூடாது. புகை கண்ணையும் மூச்சுக்குழலையும் தாக்கும்.

ஜனவரி 19

பூனைக்காலி காய் முற்றிவிட்டது. மூன்று மூன்றாக இலை, அவரைக்கொடி போலவே இருக்கும், அதனால்தான் அசந்துவிடுகிறோம். காயைப் பாருங்கள்: லேசாக வளைந்து, பொன்பழுப்புச் சுணையால் போர்த்தியிருக்கும். காய்ந்தபின் கொடியை அசைத்தாலே சுணை உதிரும், எனவே கொடியிலிருந்து காற்று வீசும் பக்கம் நிற்காதீர்கள். வெட்டுவதானால் பிஞ்சிலேயே வெட்டிவிடுவது நல்லது. மேலே விழுந்துவிட்டால் காஞ்சொறிக்குச் சொன்ன அதே டேப் வைத்தியம். சட்டையை உதறாமல் கழற்றித் தனியாக அலச வேண்டும்.

ஜனவரி 21

விட்டுப்போன ஒன்று: சதாப்பு. இலையைக் கசக்கிய கையோடு வெயிலில் நின்றால் மறுநாளோ அதற்கடுத்த நாளோ வெந்தது போலக் கொப்புளிக்கும். சாறும் வெயிலும் சேர்ந்தால்தான் இது நடக்கும். ஆகவே கை கழுவும்வரை நிழல்.