பிளாஸ்மாவைவிட ஃபைபர்தான் படுத்தியது

ஹாலோ ஃபைபர் முறையில், அதாவது துளைகளில் கரைப்பான் ஏற்றிய மெல்லிய பிளாஸ்டிக் குழாய் வழியாக மருந்தைப் பிரித்தெடுக்கும் முறையில், பிளாஸ்மா (ரத்தத்தின் திரவப் பகுதி) சாம்பிள் தயாரிக்கப் போகிறவர்கள் பார்சலைப் பிரித்ததும் ஃபைபரின் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். முத்தாக நின்றால் சரி. பரவி உள்ளே இறங்கினால், மறுபேச்சில்லாமல் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

எம்.ஃபார்ம் புராஜெக்டில் நான் பிளாஸ்மாவில் அளக்க வேண்டிய மருந்து அமிட்ரிப்டிலின் (மனச்சோர்வுக்குத் தருவது). நான் கேட்டது பாலிபுரொப்பிலீன் ஃபைபர்: உள்விட்டம் 600 மைக்ரான், சுவர் 200, துளை 0.2. இண்டெண்டில் எல்லாம் எழுதித்தான் கொடுத்தேன். பர்ச்சேஸ் பிரிவில் இருந்தவர், "மெம்பிரேன்தானே தம்பி, எல்லாம் ஒண்ணுதான்" என்று குறைந்த கொட்டேஷனுக்கே ஆர்டர் போட்டுவிட்டார். வந்தது வடிகட்டலுக்கான ஃபைபர். தண்ணீரை ஏற்கும்படி பதப்படுத்தியது. பார்வைக்கு வித்தியாசமே தெரியாது.

விளைவு? மருந்து கடந்துபோக வேண்டிய ஆக்டனால் (தண்ணீரோடு கலக்காத கரைப்பான்) துளைகளில் நிற்கவே இல்லை. வெளியே சோடியம் ஹைட்ராக்சைடு கலந்த பிளாஸ்மா, உள்ளே 10 மில்லிமோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலம். நடுவில் ஆக்டனால் இல்லையென்றால் இரண்டும் கலந்துவிடும். மருந்தை அளக்கும் எச்.பி.எல்.சி. கருவியில் மருந்துக்கான பீக்கே இல்லை. கைடு, கருவியிலுள்ள காலம் (column, கலவையைப் பிரிக்கும் குழாய்) மேல் பழி போட்டு, புதிது வாங்கச் சொன்னார். எனக்கு மனசு ஒப்பவில்லை. ஃபைபருக்குள் இருந்ததை சிரிஞ்சால் உறிஞ்சி பி.எச். தாளில் ஒரு சொட்டு வைத்தேன். அமிலத்தில் சிவக்க வேண்டிய தாள் பளிச்சென்று நீலமானது; வெளியே இருந்த காரம் உள்ளே வந்துவிட்டது. அந்தத் தாளை அப்படியே கொண்டுபோய் அவர் மேஜையில் வைத்தேன். காலம் பேச்சு அதோடு நின்றது.

சரியான ஃபைபர் வந்தபின் ஆக்டனாலில் நனைத்த சில விநாடிகளில் அந்த வெள்ளைக் குழாய் எண்ணெய் பட்ட காகிதம் போல ஒளி ஊடுருவும்படி மாறியது. அதைப் பார்த்தபோது வந்த நிம்மதி இருக்கிறதே! வெளிப்பக்கம் ஒட்டிய மிச்ச ஆக்டனாலைத் தண்ணீரில் அலசிவிட மறக்காதீர்கள்.

பிளாஸ்மா வாங்குவது தனிக் கூத்து. எத்திக்ஸ் கமிட்டி அனுமதி கையில் இருந்தும், கடிதத்தில் துறை முத்திரை இல்லை என்று ரத்த வங்கியில் திருப்பி அனுப்பினார்கள். முத்திரையோடு போங்கள். தொற்று இல்லை என்று பரிசோதித்த பைதானா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். ஆனாலும் கையுறை கட்டாயம். உறைநிலையிலிருந்து இளக்கிய பிளாஸ்மாவில் நூல் நூலாக ஃபைப்ரின் மிதக்கும், அது ஃபைபரில் சுற்றிக்கொள்ளும். மறுபடி ஒரு தடவை சென்ட்ரிஃபியூஜில் போட்டு மேலே இருப்பதை மட்டும் எடுங்கள். மேக்னட்டிக் ஸ்டிரர் வேண்டாம், நுரைத்துத் தள்ளிவிடும். ஷேக்கர் போதும்.

அப்புறம், தண்ணீரில் ஸ்டாண்டர்டு (தெரிந்த அளவு மருந்து) போட்டு வரைந்த அளவீட்டுக் கோட்டை நம்பி பிளாஸ்மா சாம்பிளைக் கணக்கிடாதீர்கள். அமிட்ரிப்டிலினில் 90 சதவீதத்துக்கு மேல் புரதத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கும். ரெகவரி, அதாவது பிரிந்து கிடைக்கும் மருந்தின் சதவீதம், இறங்கத்தான் செய்யும். மருந்தில்லாத பிளாஸ்மாவில் ஸ்டாண்டர்டு கலந்து, அதையும் சாம்பிளையும் ஒரே அளவு தண்ணீர் விட்டு நீர்த்து எடுங்கள். கொஞ்சம் மெத்தனால் சேர்த்தால் புரதத்தின் பிடி தளரும். அளவு மிஞ்சினால் துளையிலிருக்கும் ஆக்டனாலையும் அது கரைத்துக்கொண்டு போய்விடும்.